பூவின் முதுகையும் ஒரு படம் எடுங்கள்

மலையேறி இறங்கியவர்களின் செல்போனை வாங்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் பூப்படம்தான் இருக்கும். பின்னணி மங்கி, இதழ்மேல் பனித்துளி நிற்க, படம் பிரமாதமாகவும் இருக்கும். “இது என்ன பூங்க?” என்று கேட்டால், “ஏதோ காட்டுப்பூ” என்பார்கள். படத்தை எத்தனை பெரிதாக்கினாலும் பதில் வராது. அந்தச் செடி இன்னதென்று காட்டிக்கொடுக்கும் இலை, காம்பு, பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைப் புல்லி என எதுவுமே படத்தில் இருக்காது.

தர்மபுரி மாவட்டத்தில் இது கூடுதலாக உறுத்துகிறது. நீலக்குறிஞ்சி 2018-இல் மூணாறுப் பக்கம் பூத்தபோது, கேமராவோடு வண்டி வண்டியாக ஆட்கள் போய் இறங்கினார்கள். மலைச்சரிவையே மூடிக்கொள்ளும் பூவைப் பார்க்கக் கண் மட்டும் இருந்தால் போதும். நம் ஊர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடு. இங்கே மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, மழை நின்றதும் காய்ந்துவிடுகிற பூண்டுகள்தான் அதிகம். கணுக்கால் உயரத்தைத் தாண்டாதவை பல. சட்டைப் பொத்தானை விடச் சின்ன பூக்கள். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும், கிட்டத்தில் எடுத்தாக வேண்டும்.

போவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. தர்மபுரியை ஒட்டி வத்தல்மலை இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், காபித் தோட்டம், சாமைக் காடு. அரூர்ப் பக்கம் போனால் சித்தேரி மலை. படியேறிக் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தீர்த்தமலை. மேற்கே பென்னாகரம், ஒகேனக்கல் காடுகள். பருவம், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. சித்திரை வெயிலில் போய் ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்பினால் அது மலையின் குற்றமல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ பல உயிர்களைக் கொண்டுபோன பிறகு, காப்புக்காட்டுக்குள் மலையேற்றம் போக வனத்துறை அனுமதி வாங்குவதில் கெடுபிடி கூடிவிட்டது. அது நியாயம்தான். 2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. யானை நடமாடும் காடு அது. அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களின் 40 பாதைகள் இருந்தன. தர்மபுரிக்கு அதில் இடமில்லை. பூ எடுக்கிறவருக்கு இது பெரிய நஷ்டமில்லை என்றுதான் சொல்வேன். மலைச்சாலை ஓரம், கோயில் படி ஓரம், ஏரிக்கரை, வரப்பு ஆகிய நான்கும் போதும், ஒரு பருவம் முழுக்க வேலை இருக்கும்.

கானாம் வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் கால் வைத்த இடமெல்லாம் கிடக்கும், மாட்டுக்குப் பிடுங்கிப் போடுவார்கள். காலையில் மட்டும் பூக்கும். மதியம் போனால் இதழ் கரைந்து ஈரப் பசையாகச் சுருண்டிருக்கும். பூவுக்குக் கிட்டே லென்ஸைக் கொண்டுபோனால் முதலில் தெரிவது இரண்டு பெரிய நீல இதழ்கள். மூன்றாவது சிறுத்து, வெளிறி, கீழே ஒதுங்கியிருக்கும். நடுவில் மகரந்தத் தாள்கள் ஆறு. அவற்றில் மூன்றில்தான் உருப்படியான மகரந்தம் இருக்கிறது. மற்ற மூன்றும் பளிச்சென்ற மஞ்சள் தலையோடு பூச்சிக்கு ஆசை காட்ட நிற்பவை. பூ வெளிவரும் பச்சை மடலையும், இலையடி காம்பைச் சுற்றும் இடத்தில் இருக்கும் செம்பழுப்பு முடியையும் சேர்த்து எடுத்தால், இது கானாம் வாழைதான், அதன் பங்காளி வேறெதுவும் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். இதே செடி மண்ணுக்கடியிலும் பூ வைக்கிறது. அந்தப் பூ திறப்பதே இல்லை. தனக்குத்தானே மகரந்தம் சேர்த்து, மண்ணுக்குள்ளேயே விதையாகிவிடும். மேலே மாடு மேய்ந்தாலும் கவலையில்லை.

இனிக் கேமரா. மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று சொல்வது இதைத்தான்: 7 மில்லிமீட்டர் பூ, சென்சார் மீதும் 7 மில்லிமீட்டராகவே விழும். முழு அளவு சென்சாரின் நீளம் 36 மில்லிமீட்டர். ஆக, அந்த அளவே உள்ள ஒரு விஷ்ணுகிராந்திப் பூ படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. லென்ஸ் துளையை எஃப் 8-இல் வைத்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான். சூலகமுடி தெளிவாக இருந்தால் இதழ் நுனி கலங்கிப்போகும். எஃப் 16-க்குப் போனால் ஆழம் இரண்டு மில்லிமீட்டராகும், வெளிச்சம் போதாது. அதிலும் ஒன்றுக்கு ஒன்று நெருக்கத்தில் லென்ஸே வெளிச்சத்தில் முக்கால்வாசியை விழுங்கிவிடுகிறது. ஷட்டர் வேகம் குறையும், காற்றில் பூ ஆடும், படம் போச்சு.

பல படங்களை ஃபோகஸ் மாற்றி மாற்றி எடுத்துக் கணினியில் அடுக்கிச் சேர்ப்பது ஒரு வழி. அசையாத பூவுக்குத்தான் அது சரிப்படும், மலையில் அசையாத பூ எங்கே இருக்கிறது? நல்ல வழி, பூவின் எந்தப் பரப்பு முக்கியமோ அதற்கு இணையாகக் கேமராவின் முதுகை வைப்பது. பக்கவாட்டில் எடுத்தால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலேயே பாதிப் பூ வந்துவிடும். நேரம், காலை ஒன்பது மணிக்குள். அதன் பிறகு காற்று எழுந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் குடையை விரித்துச் செடிமேல் நிழல் போடுங்கள். குடை காற்றையும் கொஞ்சம் மறிக்கும். நிழல் பக்கம் வெளிச்சம் ஏற்ற ஒரு வெள்ளைத் துண்டு போதும், காசு கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்க வேண்டாம். தும்பை மாதிரி வெள்ளைப் பூவைக் கரும்பச்சைப் பின்னணியில் எடுக்கும்போது கேமரா வெளிச்சத்தை அள்ளிக் கொட்டி இதழை வெளுத்துவிடும், எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைக்க வேண்டும்.

செல்போனில் மேக்ரோ இருக்கிறதே என்றால், இருக்கிறது. பல போன்களில் அகலக்கோண லென்ஸே அந்த வேலையைச் செய்கிறது. பூவுக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரை போகலாம், ஆனால் போனின் நிழலே பூமேல் விழும். விளம்பரத்துக்காக ஒட்டிவைக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைவிட, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் லென்ஸ் எவ்வளவோ மேல்.

படுத்து எடுப்பதற்கு முன் தரையைக் கம்பால் தட்டுங்கள். சுருட்டை விரியன் வாழும் நிலம் இது. இன்னொன்று, படத்துக்கு மறைக்கிறது என்று பக்கத்துப் புல்லைப் பிடுங்காதீர்கள், வளைத்து ஒரு துணிக் கிளிப் போட்டால் போதும். பூவைப் பறித்துப் பாறைமேல் வைத்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

எருக்கம்பூவை யாரும் மதித்து எடுப்பதில்லை. பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற பூ, சுடுகாட்டோரப் பூ என்று விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், கிட்டத்தில் பார்ப்பதற்கு இந்த மாவட்டத்தில் இதைவிடச் சுவாரசியமான பூ குறைவு. நடுவில் ஐந்து பக்கம் வைத்துக் கட்டிய கிரீடம். பக்கங்களுக்கு இடையே மெல்லிய பிளவு. தேனுக்கு வந்து உட்காரும் கருவண்டின் கால் அந்தப் பிளவில் வழுக்கி உள்ளே போகும். வெளியே இழுக்கும்போது, ஒரு கொக்கியில் கோத்த இரண்டு மஞ்சள் மகரந்தப் பைகள் காலோடு வந்துவிடும். மகரந்தம் இங்கே பொடியாக உதிர்வதில்லை, பொட்டலமாகத்தான் போகும். வண்டு வந்து உட்காரும்வரை காத்திருந்து அதன் காலை மட்டும் குறிவைத்து எடுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் பொட்டலம் தொங்குவது தெரியும். எருக்கம்பாலைக் கண்ணில் மட்டும் பட விடாதீர்கள்.

ஆவாரை சாலையோரமெல்லாம் நிற்கிறது. அதன் மகரந்தத் தாள்கள் ஒரே அளவில் இருக்காது. கீழே மூன்று மட்டும் நீண்டு வளைந்து அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப்பை நுனியில் ஓட்டை மட்டுமே. வண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். அந்த ரீங்காரம் படத்தில் வராது, வீடியோ எடுங்கள். ஓரிதழ்தாமரையில் நின்று பார்த்தால் ஒரே இளஞ்சிவப்பு இதழ்தான் தெரியும். லென்ஸில் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு குட்டி இதழ்களும் அகப்படும். காந்தளுக்கு மேக்ரோவே வேண்டாம், ஓரடி தள்ளி நின்று எடுத்தாலே போதும். ஒரே கொடியில் பச்சை மஞ்சளாக ஒன்று, பாதி சிவந்து ஒன்று, முழுக்கச் சிவந்து ஒன்று என்று வயது வாரியாக நிற்கும் பூக்களை ஒரே சட்டத்தில் பிடிப்பதில்தான் சாமர்த்தியம். இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றியிருப்பதையும் விடாமல் எடுங்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பான சங்கதி. வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் போட்டுப் பெயர் தேடும்போது, ‘நம் காட்டுப்பூ’ என்று நினைத்ததில் கணிசமானவை வெளியூர்க்காரர்கள் என்று தெரியவரும். பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூ, வெட்டுக்காயத்துக்கு வைத்துக் கட்டுவதும் அதுதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தொட்டாச்சிணுங்கியும் பிரமதண்டும் அந்தப் பக்கத்தவையே. உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று காட்டுக்குள் யானைக்கே வழிவிடாமல் புதர் மண்டிக் கிடக்கிறது. காவிரிக்கு அக்கரையில் மாதேஸ்வரன் மலைச் சோளகர்கள் அதன் குச்சியை வெட்டி நாற்காலி, மேசை செய்து விற்கிறார்கள். எடுக்க அழகான பூதான், மறுப்பதற்கில்லை. ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நிற்பது வயது வித்தியாசம். மஞ்சளில்தான் தேன் இருக்கிறது என்பது பட்டாம்பூச்சிக்குத் தெரியும். எடுங்கள், ஆனால் நாட்டுப்பூக்களின் கோப்பில் போடாதீர்கள்.

எது நாட்டுப்பூ, எது வந்தேறி என்று பிரிக்கத்தான் பூவின் முதுகு வேண்டும் என்கிறேன். இதில் நமக்கு நல்ல வாத்தியார் ஒருவர் இருந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய பாதிரியார் கே.எம். மேத்யூ. தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளியையும், நம் சித்தேரி உட்பட அதையொட்டிய மலைகளையும் மாணவர்களோடு அலசி, 1981 முதல் 1988 வரை தொகுதி தொகுதியாகத் தாவரநூலை வெளியிட்டார். அந்த வரிசையில் கோட்டோவியங்களுக்கென்றே தனித் தொகுதி உண்டு. நிறமில்லை, பனித்துளி இல்லை. கிளை, இலை, பிரித்துவைத்த பூ, காய் என்று அந்தச் செடியை இன்னதென்று சொல்லத் தேவையானது இருக்கும். இதற்கு நேர் எதிரே பெர்லினின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். தானே கட்டிய கேமராவில் செடிகளை முப்பது மடங்குவரை பெரிதாக்கி எடுத்து 1928-இல் புத்தகமாகப் போட்டார். வடிவ அழகே அவருக்குக் குறி. சிற்பம் படித்து கலைப் பள்ளியில் பாடம் நடத்திய மனிதர், அது அவருக்குப் பொருந்தும். நமக்கு இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. ஆசைக்கு ஒன்று எடுங்கள். அப்புறம் அதே செடியில் முழுச்செடி, இலையின் இரு பக்கம், பூ முன்னால், பூ பின்னால், காய் என்று எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவும் கிடைக்கும்.

செயலியில் காட்டினால் பெயர் வந்துவிடுமே என்பார்கள். பூவை மட்டும் காட்டினால் அதுவும் ஊகிக்கத்தான் செய்யும், தோட்டச் செடி ஒன்றின் பெயரைத் தைரியமாகச் சொல்லிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்துச் சொல்வார்கள். அங்கே தேதியும் இடமும் இல்லாத படத்துக்கு மதிப்பில்லை. கேமராவில் ஜிபிஎஸ் கிடையாதென்றால் போனிலும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அரிய செடி என்றால் இடத்தை மறைத்துப் போடும் வசதி உண்டு. சரியான புள்ளிக்குப் பதில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். காந்தளுக்குக் கட்டாயம் மறையுங்கள். அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறது, அதற்காகக் காட்டில் தோண்டி எடுக்க ஆள் இருக்கிறது.

மலைக்குப் போக வாய்க்காதவர்களுக்குப் போகி அன்று சந்தை இருக்கிறது. காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு பூளைப்பூவைச் சேர்த்துக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஒரு கட்டைக் கூடுதலாக வாங்குங்கள். பஞ்சு மாதிரி தெரியும் அந்தக் கதிரில் இரண்டு மில்லிமீட்டர்ப் பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் வெள்ளை ரோமம் போர்த்தியிருக்கும். வீட்டு ஜன்னலோரம், காற்றில்லாத இடத்தில் வைத்து எடுக்கலாம். ஃபோகஸ் அடுக்கிப் பழக இதைவிட வசதியான பூ கிடைக்காது. வாங்கும்போது இலையோடு இருக்கும் கட்டாகப் பார்த்து வாங்குங்கள்.