மாட்டுப் பண்ணைக்கு எந்த வண்டி?

பத்து கறவை மாடு வைத்திருப்பவர் தினமும் எவ்வளவு சுமக்கிறார் என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம். கோ-4, கோ-5 புல்லை அறுத்துக் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தால் அதுவே கால் டன்னுக்குக் குறையாது. தின்ற மாடு சும்மா இருக்குமா? மாட்டுக்கு 15 முதல் 20 கிலோ சாணி. எருக்குழிக்குப் போக வேண்டியது இன்னொரு 150, 200 கிலோ. வைக்கோல் தனி, தவிடும் புண்ணாக்கும் தனி, காலை மாலை பால்கேன் தனி. எல்லாம் சேர்ந்தால் அரை டன். பொங்கல், தீபாவளி என்று ஒரு நாள்கூட இது நிற்காது.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் இதைத் தலையில் சுமக்க ஆள் கிடைப்பது கஷ்டம். சிப்காட் ஆலைக்கு ஷிப்டு போகும் பிள்ளைகள் சாணிக்கூடையைத் தொட வரமாட்டார்கள். அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. ஆக, வண்டி வேண்டும். எந்த வண்டி என்பதில்தான் பணம் வீணாகிறது. பெரும்பாலும் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு அதற்கு வேலை தேடுகிறோம். சுமையையும் பாதையையும் முதலில் அளந்தால் பாதி வண்டிகள் தாமாகவே கழிந்துவிடும்.

வெளிநாட்டுப் பண்ணை வீடியோக்களில் ஒரு பக்கி வண்டி வரும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் கவிழ்த்துக் கொட்டும் தொட்டி, தடித்த டயர், நாலு சக்கரத்துக்கும் இழுவை, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. கவாசாகி நிறுவனம் 1988-இல் ‘மியூல்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஜான் டீரின் ‘கேட்டர்’, போலாரிஸின் ‘ரேஞ்சர்’ வந்தன. அருமையான வண்டிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சுற்றி வேலி பார்க்கப் போகிறவருக்காகப் பிறந்தவை. நம் ஆள் வைத்திருப்பது மூன்று ஏக்கர். புல்வயல் கூப்பிடு தூரத்தில். இறக்குமதி பக்கியின் விலையோ ஒரு மினி டிராக்டரின் விலையை எட்டும், சில அதையும் தாண்டும்.

இந்தியாவிலேயே இதற்கு நெருக்கமாக ஒன்று வந்தது. ஐஷரும் போலாரிஸும் கூட்டாக ஜெய்ப்பூரில் கட்டிய ‘மல்டிக்ஸ்’, 2015-இல் விற்பனைக்கு வந்தது. சின்ன டீசல் எஞ்சின். வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகலாம், பின் இருக்கையை மடக்கினால் மூட்டை ஏற்றலாம், வண்டியிலிருந்தே 3 கிலோவாட் மின்சாரம் எடுத்து விளக்கு போடலாம், மோட்டார் ஓட்டலாம். யோசனை என்னவோ நல்ல யோசனை. எதிர்பார்த்த விற்பனை இல்லை. 2018-இல் அந்தக் கூட்டு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். இப்படி நின்றுபோன வண்டியை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு உதிரிபாகமும் ஒரு தேடல். பண்ணை வண்டிக்கு நான் முதல் மதிப்பெண் தருவது குதிரைத்திறனுக்கு அல்ல. காலையில் கிளட்ச் கேபிள் அறுந்தால் மாலைக் கறவைக்கு முன் செங்குன்றத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ அது கிடைக்க வேண்டும். அது கிடைக்காத வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம்.

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, ஆலைக்குள்ளோ வேறு மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டியை மோட்டார் வாகனமாகக் கணக்கிடுவதில்லை. இதை நம்பித்தான் சிலர் பதிவில்லாத வண்டியை வாங்குகிறார்கள். கொட்டகை ஒரு பக்கம், புல்வயல் பஞ்சாயத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் இந்த விலக்கு உங்களுக்கு உதவாது. ரோட்டைக் குறுக்கே கடந்தாலும் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும். பால் சொசைட்டிக்குப் போகும் வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். வடசென்னைப் பக்கம் மீன்பாடி வண்டியில் பழைய எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பண்ணைக்கு அதை வாங்கினால், ஒரு விபத்து போதும், மாடுகளை விற்று இழப்பீடு கட்ட வேண்டிவரும்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துத் தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோடையில் பார்த்தால் எந்த வண்டியும் ஓடும் போலத்தான் இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துக் களிமண் நிலத்தில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகிவிடும், நடுவில் மேடு நிற்கும். மூன்று சக்கர வண்டியின் முன்சக்கரம் சரியாக அந்த மேட்டில் ஏறும், பின்சக்கரங்கள் பள்ளத்தில் வழுக்கும். திருப்பினால் திரும்பாது. நாலு சக்கர வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, அடிப்பாகம் தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருந்தால்.

மழை விட்டால் முள். ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம், காலி மனை எங்கும் சீமைக்கருவேலம். அதன் முள் சாதாரண டயரைச் சுலபமாகத் துளைக்கும். வண்டி வாங்கும்போது டயரின் அடுக்கு எண்ணிக்கையைக் கேளுங்கள். குறைந்தது ஆறு அடுக்காவது இருக்கட்டும். அதே அளவு டயர் உள்ளூர்ப் பஞ்சர் கடையில் கிடைக்கிறதா என்பதையும் அங்கேயே போய் விசாரியுங்கள்.

பழவேற்காட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. மூத்திரமும் சாணியும் படும் தகட்டுக்கு அதுவும் சேர்ந்தால் துரு சீக்கிரம் தின்றுவிடும். பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம். தொட்டியின் மூலைகளில் தண்ணீர் தேங்காமல் வடியத் துளை இருக்கிறதா, அடித்தகடு தேய்ந்தால் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். தகடு மாற்றும் வேலைக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைகளும் வெல்டிங் பட்டறைகளும் நிறைய.

தொழிற்பேட்டைக்கு அருகில் இருப்பதால் வரும் ஒரு சபலமும் உண்டு. ஆலைக்குள் சரக்கு இழுத்த பழைய பேட்டரி மேடை வண்டி, வளாகத்தில் ஆள் ஏற்றிய கோல்ஃப் வண்டி மலிவு விலைக்கு வரும். இரண்டும் வழவழப்பான தரைக்கென்று செய்தவை. சின்னச் சக்கரம், தரையை உரசும் அடிப்பாகம். கொட்டகையைச் சுற்றி முழுக்க சிமென்ட் போட்டிருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் முதல் மழையோடு அது ஓரமாக நின்றுவிடும்.

அப்படியானால் எதுதான் சரி? பத்துப் பதினைந்து மாடு, சிமென்ட் அல்லது கிராவல் போட்ட பாதை என்றால் சரக்கு ஏற்றும் பேட்டரி மூன்று சக்கர வண்டி போதும். ‘இ-கார்ட்’ வகைக்கு விதிப்படி உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், சுமை 310 கிலோ. பண்ணைக்கு அந்த வேகமே அதிகம். மூன்றடியை ஒட்டிய அகலம் என்பதால் தீவனப் பாதைக்குள் நுழையும். சத்தமும் புகையும் இல்லாததால் கறவை நேரத்தில் மாடு மிரளாது. பேட்டரியில் மட்டும் கவனம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரி நான்கு என்றால் காகிதக் கணக்கில் 4.8 யூனிட், ஆனால் ஈய-அமில பேட்டரியைத் தினமும் அடிமட்டம் வரை இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். பாதியோடு நிறுத்திச் சார்ஜ் போடுகிற அளவுக்குத்தான் வேலை கொடுக்கலாம். கையில் பணம் இருந்தால் லித்தியம் நல்லது.

பாதை சேறு என்றால் பவர்டில்லரோடு ட்ரெய்லர். குலுக்கும், கத்தும், ஓட்டுபவருக்குக் கை வலிக்கும். ஆனால் சேற்றில் இழுக்கும், உழவும் செய்யும், பழுது பார்க்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. வேளாண் பொறியியல் துறையின் மானியமும் இதற்கு இருக்கிறது. மாடு முப்பதைத் தாண்டி, புல்வயலும் பெரிதானால் நாலு சக்கர இழுவை உள்ள மினி டிராக்டரும் டிப்பர் ட்ரெய்லரும் சரி. இழுவை வண்டி, புல் நறுக்கும் எந்திரத்தை ஓட்டும் எஞ்சின், உழவு என்று மூன்று வேலைக்கு ஒரே முதலீடு. குட்டி யானை என்று சொல்லும் சின்ன லாரி பால் கொண்டுபோகவும் சந்தைக்குப் போகவும் நல்ல வண்டி. ஐந்தடி அகலத்தோடு கொட்டகைக்குள் அதற்கு வேலையில்லை. இறக்குமதி பக்கிக்கு நியாயம் இருப்பது அலமாதியில் மத்திய அரசு முர்ரா எருமைகளை வளர்க்கும் பண்ணையைப் போன்ற பரந்த இடங்களில்தான்.

விடுதிகளில் விளையாட்டுக்கு ஓட்டும் நாற்சக்கர பைக்கை வேலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவில் அது கவிழ்ந்து பண்ணையாட்கள் பலர் செத்ததால், 2021 அக்டோபர் 11 முதல் பொது வேலைக்கான பைக்கைப் பாதுகாப்புக் கம்பி இல்லாமல் விற்கவே தடை. தண்ணீர்த் தொட்டி ஏற்றுபவர்களும் கவிழும் ஆபத்தைக் கவனிக்க வேண்டும். 500 லிட்டர் தொட்டி என்றால் அரை டன். அது பாதி காலியாக இருக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் சேர்த்துச் சாய்க்கும். வரப்பிலும் ஏரிக்கரைச் சரிவிலும் தொட்டியை நிரப்பியோ முழுக்கக் காலியாகவோதான் ஓட்ட வேண்டும்.

வண்டி வந்த பிறகு ஒரு ஒழுங்கு. காலையில் முதலில் புல், பிறகு சாணி, பிறகு கழுவல். சாணி ஏற்றிய தொட்டியில் கழுவாமல் தீவனம் போட்டால் நோயை நாமே ஊட்டுகிறோம். சொசைட்டிக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டியைக் கொட்டகைக்குள் விட வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் கோமாரி என்று கேள்விப்பட்டால் சக்கரத்தை 4 சதவீதச் சலவை சோடாக் கரைசலால் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிலோ சோடா.

முன்பணம் கட்டுவதற்கு முன், மழை பெய்த மறுநாள் வண்டியை உங்கள் நிலத்துக்கே வரச்சொல்லுங்கள். முந்நூறு கிலோ பச்சைப் புல்லை ஏற்றி, வயலிலிருந்து கொட்டகைக்கும், அங்கிருந்து எருக்குழிக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்கள். பின்னோக்கி எடுத்துத் திருப்புங்கள், சரிவில் நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஷோரூம் வாசலில் மட்டும்தான் ஓட்டிக் காட்டுவேன் என்கிற டீலரிடம் வாங்காதீர்கள்.