கப்பலுக்குப் போகும் பவர் பேங்க்

“மாமா, வாப்பா கட்டாரில இருந்து வரக்குள்ள பவர் பேங்க்கப் பெரிய பேக்ல போட விடலயாம். கையிலதான் கொண்டு போகணும் எண்டு சொன்னாங்களாம். அப்ப கப்பல்ல போனா எங்க வெக்கிற?”

கேட்டவள் மாவடிப்பள்ளியில் ஏழாம் தரம் படிக்கும் என் மருமகள். அவள் இப்போதைக்குக் கப்பலேறப் போவதில்லை. திருகோணமலைக்கு வந்துபோன உல்லாசக் கப்பல் ஒன்றின் வீடியோவை யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி. உங்களுக்கும் இது பயன்படும் என்பதால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்தக் கப்பலிலிருந்தே தொடங்குவோம். அதன் பெயர் எம்பிரஸ். இந்தியாவின் கோர்டேலியா நிறுவனம் 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு அதை ஓட்டத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களுக்கும் வந்தது. பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் அது 1990இல் சேவைக்கு வந்த கப்பல். இன்று நம் போனுக்குள்ளும் பவர் பேங்க்குக்குள்ளும் இருக்கிற லித்தியம் அயன் பட்டரியை ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்கு விட்டதோ 1991இல். கப்பல்தான் ஒரு வயது மூப்பு! ஓர் அறையில் நாலு பேர் தங்கி, நாலு பேரும் இரவில் போனைச் சார்ஜ் போடுவார்கள் என்று அந்தக் காலத்தில் கப்பல் கட்டியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பழைய கப்பல்களின் அறைகளில் பிளக் பொயின்ட் குறைவாக இருப்பது அதனால்தான்.

அப்படியானால் வீட்டிலுள்ள மல்டி பிளக்கைக் கொண்டு போகலாமே என்றாள் மருமகள். அங்கேதான் சிக்கல். திடீரென்று மின்னழுத்தம் எகிறினால் அதைத் தடுக்கும் பாகம் உள்ள மல்டி பிளக்குகளைக் கப்பல்காரர்கள் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். நம் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று, அதாவது நியூட்ரல், நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை. இரண்டு கம்பிகளையும் கப்பலின் இரும்பு உடம்போடு சேராமல் தனியே வைத்திருப்பார்கள். ஒரு கம்பி தவறுதலாக இரும்பில் பட்டாலும் கரண்ட் நின்றுவிடக் கூடாது. நடுக்கடலில் சுக்கானைத் திருப்பும் மோட்டார் நின்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். மல்டி பிளக்கில் உள்ள அந்தத் தடுப்புப் பாகமோ கரையிலுள்ள கரண்டை நம்பிச் செய்யப்பட்டது. கப்பல் கரண்டில் அதன்மேல் தாங்க முடியாத அழுத்தம் விழலாம். அப்போது அது சூடேறிப் பற்றிக்கொள்ளலாம்.

அயன் பெட்டி, கேத்தில் போன்றவையும் தடைதான். பவர் பேங்க்கை மட்டும் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிக்கின்றன. அப்படியிருக்க விமானத்தில் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

பெரிய பேக் போய்ச் சேர்வது விமானத்தின் அடியிலுள்ள சரக்கறைக்கு. அங்கே ஆள் இல்லை. ஒரு பவர் பேங்க் அங்கே புகையத் தொடங்கினால் மேலே இருப்பவர்கள் போய் எடுக்க முடியாது. கையோடு இருந்தால் சூடு தெரியும், மணம் வரும், பணியாளர்கள் ஓடி வந்து தண்ணீர் ஊற்றுவார்கள். 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்படத் தயாராக நின்ற எயார் பூசான் விமானத்தில், தலைக்கு மேலே பை வைக்கும் தட்டில் தீப்பிடித்தது. விமானம் இன்னும் தரையில் நின்றதால் எல்லோரும் உயிர் தப்பினார்கள். விமானத்தின் கூரை எரிந்து போனது. விசாரித்தவர்களின் சந்தேகம் ஒரு பவர் பேங்க்கின்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு கொரியா, அந்தத் தட்டிலும் வைக்காதே, உடம்போடு வைத்துக்கொள் என்று சட்டம் போட்டது. எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் 1 முதல், ஒருவர் ஒன்றைக் கொண்டுவரலாம், ஆனால் பறக்கும்போது அதைப் பாவிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சின்னப் பெட்டிக்குள்?

ஒரு பக்கம் காரீயம் பூசிய தகடு. ஆம், பென்சிலுக்குள் இருக்கிற காரீயமேதான். நம் நாட்டில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டி எடுக்கிறார்களே, அதே பொருள். மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஒட்சைட்டு பூசிய தகடு. நடுவில் பொலித்தீன் வகையைச் சேர்ந்த மெல்லிய தாள் ஒன்று. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. எல்லாம் ஒரு திரவத்தில் ஊறிக் கிடக்கும்.

ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கரைக்குப் போக இரண்டு வழி: தோணி, இல்லாவிட்டால் தூரத்திலுள்ள பாலம். லித்தியம் அயன்கள் தோணிக்காரர்கள். நடுத்தாளில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக நேரே அக்கரை சேர்ந்துவிடுவார்கள். இலத்திரன்களுக்குத் தோணியில் இடம் கிடையாது. அவர்கள் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தப் பாலம்தான் நீங்கள் குத்துகிற வயர். சுற்றி வருகிற வழியில் அவர்களிடம் வேலை வாங்கி உங்கள் போன் சார்ஜ் ஆகிறது. பவர் பேங்க்கைச் சுவரில் குத்திச் சார்ஜ் போடும்போது எல்லோரையும் பழைய கரைக்கே திருப்பி அனுப்புகிறோம். இந்த வழியைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காக ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃப் அவர்களுக்கு அப்போது வயது 97!

அந்த நடுத்தாள் கிழிந்தால்? பவர் பேங்க் கீழே விழுந்து நசுங்கினாலோ, தொழிற்சாலையிலேயே ஒரு சிறு உலோகத் துகள் உள்ளே அகப்பட்டிருந்தாலோ அது நடக்கலாம். இலத்திரன்கள் சுற்றாமல் குறுக்கே பாய்ந்துவிடும். சேர்த்துவைத்த சக்தியெல்லாம் ஒரே இடத்தில் வெப்பமாகும். வெப்பம் கூடினால் தாள் இன்னும் உருகும், தாள் உருகினால் வெப்பம் இன்னும் கூடும். திரவம் ஆவியாகி வெளியே பீறிட்டு எரியும். இதில் மிகப் பொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒட்சைட்டு அளவுக்கு மீறிச் சூடானால் அதுவே ஒட்சிசனை வெளியே விடும். நெருப்பைப் போர்வையால் மூடினால் காற்றில்லாமல் அணைந்துவிடும் என்று படித்திருப்பீர்கள். இந்த நெருப்பு தனக்கு வேண்டிய ஒட்சிசனில் கொஞ்சத்தைத் தானே வைத்திருக்கிறது. மூடினால் போதாது, குளிர வைக்க வேண்டும்.

குளிர வைப்பது ஏன் அவசியம் என்பதை நம் அம்பாறைக் கடலே ஒரு தரம் காட்டியது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, சங்கமன்கண்டி முனைக்கு நேரே நடுக்கடலில் நியூ டயமன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாராதீப் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 2,70,000 தொன் மசகு எண்ணெயை அது ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. வெடிப்பு நடந்தது எஞ்சின் அறையில். பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இறந்துபோனார். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் சேர்ந்து நாட்கணக்கில் தண்ணீர் அடித்தார்கள். அணைந்துவிட்டது என்று அறிவித்த பிறகு, 7ஆம் திகதி மறுபடியும் பற்றிக்கொண்டது! சுவாலை போய்விட்டது, இரும்பின் சூடு போகவில்லை. முழுக்க அடங்க 9ஆம் திகதி ஆனது. நல்லவேளையாக மசகு எண்ணெய்த் தாங்கிகளுக்கு நெருப்புப் போகவில்லை. போயிருந்தால் நம் கரைவலைக்காரர்களின் கதி என்ன?

அந்தத் தீக்கும் பட்டரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பவர் பேங்க் தீயும் அணைந்ததுபோலக் காட்டிவிட்டுத் திரும்பப் பற்றும். உள்ளே வரிசையாக இருக்கும் செல்களில் ஒன்று எரிந்து முடிய, அதன் சூட்டில் பக்கத்துச் செல் தொடங்கும். ஆகவே சுவாலை போன பிறகும் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லித்தியத்தில் தண்ணீர் படக்கூடாது என்று சில அண்ணன்மார் சொல்வார்கள். அது தனி லித்தியம் உலோகத்துக்குப் பொருந்தும். நம் பவர் பேங்க்குக்குத் தண்ணீர்தான் நல்லது. சுவரில் குத்தியிருந்தால் பெரியவர்கள் முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும். உங்கள் வேலை ஒன்றே ஒன்று: சத்தம் போட்டுக்கொண்டு வெளியே ஓடுவது. அந்தப் புகை நஞ்சு.

இனி மருமகளின் கேள்விக்குப் பதில். கப்பலில் தீயணைக்கப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன. அதனால் விமானமளவுக்குப் பயமில்லை. ஆனாலும் கப்பலைவிட்டு இறங்கி ஓட நிலமில்லை. துறைமுகத்தில் பெரிய பேக்குகளை வாங்கி ஒன்றாகக் குவித்து, பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். எனவே பவர் பேங்க் அங்கேயும் கைப்பையில்தான். அறையில் சார்ஜ் போட்டால் விழித்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மேசைமேல். தலையணைக்கு அடியில் கூடவே கூடாது. கப்பல் மேற்தட்டில் வெயிலில் விட்டுவிட்டு நீந்தப் போவதும் கூடாது.

இன்னொரு சின்ன உபாயம். கரை மறைய மறைய போன் சிக்னலும் மெலியும். போனோ விடாது, கோபுரத்தைத் தேடித் தேடி வழமையைவிடக் கூடிய வலுவில் அலைகளை அனுப்பிப் பார்க்கும். சார்ஜ் வேகமாக இறங்கும். விமான நிலைக்கு மாற்றிவிட்டால் அந்தத் தேடல் நிற்கும். படம் எடுக்க மட்டும் போன் வேண்டுமென்றால் பவர் பேங்க்குக்கே பெரிதாக வேலை இராது.

சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரர்களுக்குக் கவலை வேறு: உப்புத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் பலமடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஒரு லீற்றரில் 35 கிராம் அளவுக்கு உப்பு. அது யு.எஸ்.பி. துளைக்குள் போனால் உலோகத்தை அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும். பட்டரிக்குள்ளேயே போனால் ஈரம் காய்ந்த பிறகும் படிந்த உப்பு குறுக்குவழி போட்டுக் கொடுக்கும். 2022 செப்டெம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளியின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, வெள்ளம் வடிந்த பிறகு தீப்பிடித்தன. கடலில் விழுந்த பவர் பேங்க்கை வெயிலில் காயவைத்து மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கிற கெட்டித்தனம் வேண்டாம். வயிறு வீங்கிய பவர் பேங்க்கும் அப்படித்தான். உள்ளே இருப்பது வாயு. ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள்.

இப்போது கணக்கு. பவர் பேங்க்கின் முதுகில் பொடி எழுத்தில் 10,000 எம்.ஏ.எச். என்று இருக்கும். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37. அதுதான் உள்ளே உள்ள உண்மையான சக்தி, வாட் மணித்தியாலத்தில். உங்கள் போன் பட்டரி 5,000 என்றால் அதற்கு வேண்டியது சுமார் 19. அப்படியானால் இரண்டு தரம் சார்ஜ் ஏற வேண்டும், இல்லையா? ஏறாது. 3.7 வோல்ட்டை ஐந்தாக உயர்த்தும்போதும், போனுக்குள் மறுபடி குறைக்கும்போதும் கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடும். ஒன்றரைத் தரத்துக்கு மேல் கொஞ்சம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அப்போது பவர் பேங்க் வாங்கிய வீடுகளில் இந்தச் சண்டை நிறையவே நடந்திருக்கும்: “கடைக்காரன் ஏமாத்திட்டான்!” பாவம், எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள்.

விமானத்தில் தனி அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய அளவு 100 வாட் மணித்தியாலம். கடைகளில் 26,800 எம்.ஏ.எச். என்று எழுதிய பவர் பேங்க்குகளைப் பார்த்திருக்கிறீர்களா? முப்பதாயிரம் என்று முழுசாகச் செய்யாமல் ஏன் இந்த எண்? ஒரு துப்புத் தருகிறேன்: 3,350 எம்.ஏ.எச். கொண்ட செல்கள் எட்டைச் சேர்த்தால் 26,800 வரும். அதை 3.7ஆல் பெருக்கிப் பாருங்கள். பிறகு ஒன்பதாவது செல் ஒன்றையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்.