ஸ்டியரிங்கைக் காக்கும் சிறு ஊசி

வாகனக் கடன் பெற வருவோர் வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் நுணுகிக் கேட்கின்றனர். அதே வாகனம் பணிமனையிலிருந்து திரும்பும்போது, ஸ்டியரிங் இணைப்புகள் எவ்வாறு இறுக்கப்பட்டன எனக் கேட்போர் மிகச் சிலரே.

ஸ்டியரிங்கில் நாம் தரும் திருப்பத்தை முன்சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது டை ராடு. அதன் முனையிலுள்ள கூம்பு வடிவத் தண்டு, சக்கரத்தைத் திருப்பும் கையின் துளையில் அமர்ந்து, ஒரே ஒரு நட்டால் இறுக்கப்படுகிறது. அது கழன்று தண்டு விலகினால், எத்தனை தேர்ந்த ஓட்டுநராயினும் அச்சக்கரம் அவர் சொற்படி திரும்பாது.

கூம்பும் துளையும் ஒன்றையொன்று கவ்வுவதே இங்குப் பிடிப்பு. ஆகவே இரு பரப்புகளும் துடைக்கப்பட்டு உலர்ந்திருத்தல் வேண்டும், கிரீஸ் கூடாது. இறுக்கும் அளவைக் கைப்பழக்கத்துக்கு விடுவதும் தகாது. கால் மீட்டர் நீள ஸ்பானரை 20 கிலோ எடைக்கு ஒப்பான விசையால் இழுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர். 30 கிலோவானால் 74. கைக்குப் பெரிதாகத் தோன்றாத இவ்வேறுபாடு மரைக்குப் பெரிது. மிகுந்தால் மரை நீண்டு வலுவிழக்கும். குறைந்தால் கூம்பு அசைந்து துளையைத் தேய்க்கும். வண்டிக்கு வண்டி மாறும் சரியான அளவு, தயாரிப்பாளரின் பணிமனைக் கையேட்டில் உள்ளது. அதை அளந்து இறுக்கும் கருவி டார்க் ரெஞ்ச்.

பல வண்டிகளில் இந்த நட்டு கோட்டை மதிலைப்போல் பள்ளங்கள் கொண்டது. பள்ளத்தின் வழியே தண்டின் துளையில் காட்டர் பின் நுழைகிறது. உரிய அளவுக்கு இறுக்கிய பின்னும் துளையும் பள்ளமும் நேர்ப்படவில்லையெனில், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் அடுத்த பள்ளம் வரை மேலும் இறுக்கவேண்டும். பின்னை நுழைப்பதற்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. அவசரத்தில் நிகழ்வது பெரும்பாலும் இந்தத் தளர்த்தலே. பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் செருகுவதும் அத்தகையதே. வளைந்து நிமிர்ந்த கம்பி எளிதில் முறியும். சில ரூபாய்ப் பொருளில் சிக்கனம் எதற்கு? நைலான் வளையமுள்ள நட்டு எனில், கழற்றியதும் புதியதை இடுவதே முறை. பணி முடிந்தபின் சக்கர அலைன்மென்ட்டும் பார்க்கவேண்டும்.

சரக்கு வாகனம் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். தகுதிச் சான்று எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. இடையில் நடக்கும் பழுதுபார்ப்பை அது காண்பதில்லை. தேய்மானமும் இயந்திரப் பழுதும் பொதுவாக மோட்டார் காப்பீட்டில் அடங்குவதுமில்லை. வண்டி நின்றாலும் தவணை நிற்காது.

அடுத்த முறை வண்டியை எடுக்கச் செல்லும்போது, கழற்றிய பழைய பின்னைக் கேட்டு வாங்குங்கள்.