பஃபலோ: இரண்டு வெள்ளிக்கிழமைகள்

இரண்டு பனிப்புயல்களுமே வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தன. ஒன்று 1977 ஜனவரி 28. மற்றது 2022 டிசம்பர் 23. ஊர் ஒன்றுதான்: அமெரிக்காவில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில், நயாகரா அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் பஃபலோ.

பனி அந்த ஊருக்குப் புதிதல்ல. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து ஊரின் ஒரு பக்கம் இடுப்பளவு பனி விழும், சில கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். இப்படியெல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு பெருமிதமும் உண்டு, ‘இதெல்லாம் எங்களுக்கு ஒரு பனியா?’ என்று. அந்தப் பெருமிதம் ஆபத்தானது. புயல் நாளில் காரை எடுக்க வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

1977இன் கதை விசித்திரமானது. வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. சராசரி 19 மீட்டர்தான். அதனால் சீக்கிரம் உறையும். அந்தக் குளிர்காலத்தில் டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. அதன்மேல் வாரக்கணக்கில் விழுந்த பொடிப்பனி அப்படியே கிடந்தது. ஜனவரி 28 முற்பகலில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று அந்தப் பொடியை வாரிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டியது. புயலின்போது வானத்திலிருந்து புதிதாக விழுந்தது ஓரடி அளவுதான். வீடுகளை மூடியது ஏரியில் சேர்ந்து கிடந்த பழைய பனி. மிருகக்காட்சிசாலையில் வேலியின் உயரத்துக்குப் பனி மேடு எழும்பிவிட, ரெயின்டீர் மான்கள் மூன்று அதன்மேல் ஏறி நடந்து ஊருக்குள் போய்விட்டன.

வேலைக்குப் போனவர்கள் அலுவலகங்களிலேயே மாட்டிக்கொண்டார்கள். இறந்தவர்கள் 29 பேர். அவர்களில் பலர் பனியில் புதைந்த கார்களுக்குள் கண்டெடுக்கப்பட்டார்கள். அப்போதுதான் அதிபராகப் பதவியேற்றிருந்த ஜிம்மி கார்ட்டர் அதைப் பேரிடர் என்று அறிவித்தார். பிறகு இந்தப் புயலை வைத்து ஒரு பலகை விளையாட்டே வந்தது. எத்தனை பெரிய துயரமானாலும் பஃபலோக்காரர்கள் அதை ஊர்க்கதையாக்கி வைத்துக்கொள்வார்கள்.

2022இல் ஏரி உறையவில்லை. டிசம்பர் கடைசியிலும் தண்ணீர் திறந்தே கிடந்தது. கடுங்குளிர்க் காற்று அந்த ஒப்பளவில் வெதுவெதுப்பான நீரின்மேல் கடக்கும்போது ஆவியை உறிஞ்சி, கரை ஏறியதும் பனியாகக் கொட்டும். ‘உலகம் சூடாகிறது என்கிறீர்கள், பனி குறையவில்லையே’ என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. 1970களிலிருந்து பார்த்தால் ஐம்பெரும் ஏரிகளை மூடும் பனிக்கட்டிப் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கினாலும், மொத்தப் போக்கில் குறைந்துதான் வருகிறது. ஏரி மூடாத நாள் கூடக்கூட, காற்று போதிய குளிரோடு வரும்வரை, பனிக்குத் தேவையான ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் புயலில் விமான நிலையத்தில் அளந்த பனி 51.9 அங்குலம். கண் தெரியாத பனிக்காற்று தொடர்ந்து 37 மணி நேரம் அடித்தது.

இதில் உறுத்துவது என்னவென்றால், இந்தப் புயல் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரக்கூடியது என்று வானிலைத் துறை நாட்களுக்கு முன்பே எச்சரித்துவிட்டது. செயற்கைக்கோள், ரேடார், கணினி மாதிரி, கையில் கைபேசி, எல்லாம் இருந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது: பஃபலோ இருக்கும் ஈரி மாவட்டத்தில் 47 பேர்.

மாவட்டத்தில் வண்டி ஓட்டத் தடை நடப்புக்கு வந்தது வெள்ளி காலை 9.30 மணிக்கு. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கலெக்டர் மழைக்கு லீவு விட்டால் நம்மூரில் என்ன பேச்சு எழும்? அதே பேச்சுத்தான் அங்கும் எழுந்தது. ஆனால் அங்கே பேச்சோடு போகவில்லை. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு, கிறிஸ்துமஸ் வாரத்தில், ‘வராவிட்டாலும் பரவாயில்லை’ என்று முதலாளி சொல்லமாட்டார். அரசு தடை போட்டால்தான் வீட்டில் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். நகராட்சி கேட்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாக்னர் பள்ளி தயாரித்த ஆய்வறிக்கையும் இந்தத் தாமதத்தைச் சுட்டிக்காட்டியது. நகர மக்களில் கறுப்பினத்தவர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நகர எல்லைக்குள் இறந்தவர்களிலோ அவர்கள் பாதிக்கு மேல்.

சாவின் விதமும் மாறியிருந்தது. காரில் சிக்கியும் தெருவில் விழுந்தும் இறந்தவர்கள் உண்டு. மின்சாரம் போய், சூடேற்றி நின்று, வீட்டுக்குள்ளேயே விறைத்தவர்களும் உண்டு. பனி அள்ளும்போது மாரடைப்பு வந்தவர்கள், ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தே போனவர்கள் வேறு. தீயணைப்பு வண்டிகளே தெருவில் சிக்கிக்கொண்டு நின்றன.

அக்கம்பக்கத்து மனிதர்கள் இரண்டு புயலிலும் கதவைத் திறந்தார்கள்; அது மாறவில்லை. 2022இல் புறநகர் வீடொன்றில் மண்வெட்டி இரவல் கேட்டுக் கதவைத் தட்டியவர்கள் தென்கொரியச் சுற்றுலாப் பயணிகள். நயாகராவுக்குப் போகும் வழியில் வேன் சிக்கியிருந்தது. ஓட்டுநரோடு பத்துப் பேரையும் அந்த வீட்டுத் தம்பதி உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். தம்பதிக்குக் கொரியச் சமையல் பிடிக்குமாம். கிம்ச்சி உட்பட எல்லாம் வீட்டில் இருந்தது. விருந்தாளிகளே சமைத்தார்கள்.

2024 ஜனவரியில் அடுத்த பெரும்புயல் வந்தபோது அரசு காத்திருக்கவில்லை. சனிக்கிழமை இரவு 9 மணிக்கே வண்டி ஓட்டத் தடை வந்தது. ஞாயிறு நடக்கவேண்டிய பஃபலோ பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தையே திங்களுக்குத் தள்ளினார்கள். மைதானத்தின் இருக்கைகளில் குவிந்த பனியை அள்ள மணிக்கு 20 டாலர் கூலிக்கு ஆள் கேட்டார்கள். மண்வெட்டியோடு ஆட்களும் வந்தார்கள்.