பணம் பறிபோனால் முதல் வேலை எது?

நெல் விற்ற பணம், பயிர்க் காப்பீட்டுத் தொகை, பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் என எல்லாமே இன்று விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேராக வந்து சேர்கின்றன. மோசடிக்காரர்கள் வலை விரிப்பதும் அந்தக் கணக்குக்குத்தான். "உங்கள் தவணை நின்றுவிட்டது, இதைத் தொட்டு விவரங்களைப் பதியுங்கள்" என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். தொட்டால் வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். அதில் ரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் பதிந்தால் சில நிமிடங்களில் கணக்கு காலியாகிவிடும்.

"எண்ணைக் கொடுத்தது நான்தானே, யாரைப் போய்க் கேட்பது?" என்று வெட்கப்பட்டுப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இது தவறு. வரப்பு உடைந்து தண்ணீர் ஓடும்போது முதலில் உடைப்பை அடைக்கிறோம்; உடைத்தது யார் என்ற விசாரணை பிறகுதான். இதுவும் அப்படியே.

உடனே செய்ய வேண்டியவை

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை முடக்க இதன் மூலம் வழி உண்டு. அடுத்து, வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். மறுநாள் கிளைக்கு நேரில் சென்று எழுத்து மூலமாகவும் புகார் கொடுப்பது நல்லது. வந்த செய்திகளை அழிக்கக் கூடாது.

வங்கியின் பொறுப்பு

2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி இதற்கான விதிகளை வெளியிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இதே போன்ற விதிகள் வந்தன. இவற்றின்படி, தவறு வங்கியுடையதானால் முழு நஷ்டமும் வங்கியைச் சேரும். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், பணம் எடுக்கப்பட்டதாகத் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 நாட்களுக்குள் தெரிவித்தால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாயும், மற்றச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாயும்தான் வாடிக்கையாளரின் நஷ்டம். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியே.

ஓ.டி.பி.யைத் தாமே கொடுத்தவர், புகார் செய்யும் வரை போன பணத்துக்குத் தாமே பொறுப்பு. ஆனால் புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

வங்கி கைவிரித்தால்

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் இழப்பீடும் கோரலாம். தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்த ஒருவர் 2007-ல் போலி மின்னஞ்சலால் 6.46 லட்சம் ரூபாயை இழந்தார். 2010-ல் அந்தச் செயலாளர், வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டுமென உத்தரவிட்டார்.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். இதற்கான தொலைபேசி எண் 15100.

விவசாயிகள் இன்றே பாஸ்புக் அட்டையின் உட்புறத்தில் 1930 என்ற எண்ணையும், தங்கள் வங்கியின் புகார் எண்ணையும் பெரிதாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பதற்றத்தில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.