மண்ணுக்குள்ளே வீடு: சென்னையில கட்டினா என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டுள்ளது.)

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ரூம்ல வாடகைக்கு இருந்திருக்கீங்களா? மே மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேன் போட்டா, மேலேயிருந்து அனல்தான் இறங்கும். பகல் முழுக்க வெயிலைக் குடிச்ச கான்கிரீட், ராத்திரியில அந்தச் சூட்டை நம்ம தலையில கொட்டும். அப்படி ஒரு ராத்திரியில, "பேசாம குழி தோண்டி மண்ணுக்குள்ளே போய்ப் படுத்துக்கலாம்"னு தோணாம இருக்காது.

அதை நிஜமாவே செஞ்சவங்க உலகத்துல நிறைய பேர் இருக்காங்க. முதல்ல அவங்க வீடுகளைப் பார்ப்போம். அப்புறம், நம்ம ஊருக்கு அது சரிப்படுமானு பார்ப்போம்.

கூபர் பெடி: பாலைவனத்துக்கு அடியில ஒரு ஊர்

தெற்கு ஆஸ்திரேலியாவுல, அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு கூபர் பெடி. 1915ல தங்கம் தேடி வந்த ஒரு குழுவோட வந்திருந்த 14 வயசுப் பையன், இங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். அதுக்கப்புறம் சுரங்கம் தோண்ட ஆளுங்க வந்து குவிஞ்சாங்க. ஆனா வெளியில வெயில் 45 டிகிரியைத் தாண்டும். வீடு கட்ட மரமும் கிடையாது. கையில இருந்தது குழி தோண்டுற கருவிதான். அதை வச்சே குன்றைக் குடைஞ்சு உள்ளே குடியேறிட்டாங்க.

இன்னைக்கும் அந்த ஊர்ல பாதிப் பேருக்கு மேல நிலத்தடி வீடுகள்லதான் இருக்காங்க. வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை எல்லாம் பாறையைக் குடைஞ்சு எடுத்ததுதான். சர்ச், ஹோட்டல்கூட நிலத்தடியில இருக்கு. உள்ளே இருக்கிற படுக்கையறைக்கு ஜன்னல் இருக்காது. லைட்டை அணைச்சா கும்மிருட்டு. காத்துக்காக மேலே குழாய் போட்டிருப்பாங்க. வெளியே நின்னு பார்த்தா வீடே தெரியாது, குன்று மேல குழாய்கள் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். உள்ளே ஏசி இல்லாமலே வருஷம் முழுக்க 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

மண் என்ன செய்யுது?

இங்கேதான் பலரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. மண்ணுக்குள்ளே எப்பவும் ஜில்லுனு இருக்கும்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. மண் ரொம்ப மெதுவா சூடாகும், ரொம்ப மெதுவா ஆறும். அவ்வளவுதான். பகல் வெயிலும் ராத்திரிக் குளிரும் சுமார் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடங்கிடும். இன்னும் சில மீட்டர் கீழே போனா, கோடை, குளிர்காலம்ங்கிற வித்தியாசமும் கிட்டத்தட்ட மறைஞ்சிடும். மிச்சம் இருக்கிறது அந்த ஊரோட வருஷ சராசரி வெப்பநிலை.

அதாவது, பூமி உங்களுக்குக் குளிர்ச்சியைத் தர்றதில்லை. உங்க ஊரோட சராசரியைத்தான் தருது. கூபர் பெடியில பகல் கொளுத்தும், குளிர்கால ராத்திரி நடுங்க வைக்கும். ரெண்டையும் கலந்தா சராசரி 20 டிகிரியைச் சுத்தி வருது. அதோட ஆளுங்க இருக்கிற சூடும் அடுப்புச் சூடும் சேர்ந்தா, வாழறதுக்குச் சுகமான அளவு.

சீனாவோட வடக்குல இருக்கிற யாவ்தோங் குகை வீடுகளுக்கும் இதே கணக்குதான். காத்து அடிச்சு அடிச்சு, பல நூறு அடி கனத்துக்குப் படிஞ்ச மஞ்சள் மண் மேட்டைக் குடைஞ்சு, கோடிக்கணக்கான பேர் தலைமுறை தலைமுறையா வாழ்ந்திருக்காங்க. வெளியே உறைபனி இருக்கும்போது உள்ளே தாங்கும்படி இருக்கும். அதுவும் பத்தாட்டி, சமையல் அடுப்புச் சூட்டைப் படுக்கை மேடைக்கு அடியில விட்டு, அது மேல தூங்குவாங்க.

இதுக்குக் கொடுத்த விலை

இன்ஸ்டாகிராம்ல வர்ற படங்கள்ல இந்தப் பகுதி இருக்காது.

தோண்ட சுலபமான மண், இடியவும் சுலபமான மண். 1556ல சீனாவோட ஷான்சி பகுதியில நிலநடுக்கம் வந்தது. சுமார் 8,30,000 பேர் இறந்ததா அந்தக் காலப் பதிவு சொல்லுது. அதுல ஏகப்பட்ட பேர் இந்தக் குகை வீடுகள்ல இருந்தவங்க.

அடுத்த ஆபத்து தண்ணி. துனீசியாவுல மத்மாத்தானு ஒரு ஊர். தரையில கிணறு மாதிரி பெரிய குழி வெட்டுவாங்க. குழியோட அடி அவங்களுக்கு முற்றம். அதைச் சுத்தி, குழிச் சுவரைக் குடைஞ்சு அறைகள். ஸ்டார் வார்ஸ் முதல் படத்துல லூக் வாழற வீடு இங்கேதான் படமாச்சு. மழை குறைவான ஊர்ங்கிறதால காலங்காலமா தாக்குப்பிடிச்சது. 1960களோட கடைசியில தொடர்ந்து கனமழை கொட்டினப்போ பல வீடுகள் இடிஞ்சு விழுந்தது. நிறைய பேர் தரைக்கு மேலே கட்டின புது ஊருக்குப் போயிட்டாங்க.

மூணாவது இத்தாலியில இருக்கிற மத்தேரா. 1950கள்ல அங்கே குகை வீடுகள்ல இருந்த சுமார் 15,000 பேரை அரசாங்கமே வெளியேத்தி, வேற இடத்துல வீடு கொடுத்தது. காரணம் குகை மட்டும் இல்லை. ஒரே அறையில பெரிய குடும்பம், கூடவே கோவேறு கழுதை. ஈரம், சாக்கடை வசதி கிடையாது, மலேரியா வேற. அதே குகைகள் 1993ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. இன்னைக்கு அதுல பல குகைகள் ஹோட்டல். பாறை அதேதான். காத்தோட்டம், வடிகால், கரண்ட், ஒரு அறைக்கு எத்தனை பேர், இதெல்லாம்தான் மாறியிருக்கு.

சரி, சென்னை?

இப்போ அந்தச் சராசரிக் கணக்கை நம்ம ஊருக்குப் போடுங்க. சென்னையோட வருஷ சராசரி 28, 29 டிகிரி. சில மீட்டர் கீழே தோண்டிப் போனா உங்களுக்குக் கிடைக்கப்போறதும் அதுதான். மே மாச மதியத்துக்கு அது பரவாயில்லை. ஆனா டிசம்பர் மாசக் குளுமையை நீங்க இழந்துடுவீங்க. மேலேயிருந்து வர்ற ஈரக்காத்து உள்ளே வந்து சுவர்ல படும், சுவர் பூசணம் பூக்கும். பாலைவனத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதோட நம்ம நிலத்தடி நீர்மட்டம். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும் பல ஏரியாவுல சில அடி தோண்டினாலே தண்ணி. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் பார்க்கிங்ல மோட்டார் போட்டுத் தண்ணி இறைக்கிறதைப் பார்த்திருப்பீங்க. 2015லயும் 2023லயும் டிசம்பர் வெள்ளத்துல அந்த பேஸ்மெண்ட்கள்ல கார் மிதந்தது. அங்கே ஒரு குடும்பம் தூங்கிக்கிட்டு இருந்தா?

அதனால, "இயற்கை வீடு, பூமிக்குள்ளே, ஏசியே வேண்டாம்"னு யாராவது மனை விக்க வந்தா மூணு கேள்வி கேளுங்க. இந்த ஊரோட வருஷ சராசரி வெப்பநிலை என்ன? மழைக்காலத்துல தண்ணி எத்தனை அடியில நிக்குது? காத்து எந்த வழியா வந்து எந்த வழியா போகும்?

இந்த வீடுகள்கிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது குழியை இல்லை. வெயிலுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணு இருக்கணும்ங்கிற யோசனையை. நம்ம ஊர்ல அது தலைக்கு மேலே இருக்கணும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிச்ச மாடிகளை நம்ம ஆளுங்க கட்டினதுல இந்தப் பலனும் இருந்தது. இப்போ அதைவிடச் செலவு கம்மியான வழி, மாடியில வெள்ளை அடிக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பிட்டா கான்கிரீட் அவ்வளவு சூடு குடிக்காது.

கோடை வர்றதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட இதைக் கேட்டுப் பாருங்க. அவர் சரின்னு சொல்லிட்டா, பூமிக்குள்ளே போகாமலே கொஞ்சம் நிம்மதியாத் தூங்கலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.