தனிக்குரல் – 9: பூனைக்குச் சமர்ப்பணம்

போன வாரம் பார்த்த மிக் ஜாகரின் தனி ஆல்பம் வந்த அதே 1985. வெளியிட்டதும் அதே சி.பி.எஸ். நிறுவனம்தான். ஏப்ரல் கடைசியில் ஃப்ரெடி மெர்குரியின் ‘மிஸ்டர் பேட் கை’ கடைகளுக்கு வந்தது. குயின் குழுவோடு 11 ஸ்டூடியோ ஆல்பங்கள் பாடி முடித்திருந்தவருக்கு, தனியாக இதுதான் முதல் ஆல்பம். ஜெர்ரி என்கிற தன் பூனைக்கும், இன்னும் சில பூனைகளுக்கும், உலகத்துப் பூனைப் பிரியர்கள் எல்லோருக்கும் இதைச் சமர்ப்பித்திருந்தார். மிச்சப் பேருக்கு அந்த அட்டையிலேயே ஒரு வசவு.

பிரிட்டனில் 6-வது இடம் வரை போனது. அமெரிக்காவில் சீந்துவாரில்லை. ஜூலையில் வெம்ப்ளியில் லைவ் எய்ட் கச்சேரி நடந்தது. குயின் மேடையேறிய அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு யாருக்கு இந்த ஆல்பம் ஞாபகம் இருந்திருக்கும்?

இப்போது கேட்டால் முதலில் காதில் அறைவது டிரம்ஸ். எண்பதுகளின் நடுவில் எல்லா ஸ்டூடியோவையும் பிடித்து ஆட்டிய அந்தத் தட்டல் சத்தம், கூடவே சிந்தசைஸர். எழுபதுகளில் ‘எங்கள் இசைத்தட்டில் சிந்தசைஸர் கிடையாது’ என்று அட்டையில் அச்சடித்துப் பெருமைப்பட்டுக்கொண்ட குழுவின் பாடகர் இவர்! மியூனிக்கில் ஒரு ஹோட்டல் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில், ராத்திரி டிஸ்கோ ஆட்டத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் நடுவே பதிவானது. கூட இருந்து தயாரித்தவர் ராய்ன்ஹோல்ட் மாக். குயினின் ‘தி கேம்’ ஆல்பத்திலும் வேலை பார்த்தவர்.

11 பாட்டும் மெர்குரியே எழுதியவை. குயினில் அது நடக்காது. நாலு பேரும் பாட்டு எழுதுவார்கள். எது ஆல்பத்தில் போகும், எது சிங்கிளாக வரும் என்று நாலு பேரும் முட்டிக்கொள்வார்கள். இங்கே மறுத்துப் பேச ஆளில்லை. பாதிப் பாட்டுகளில் அது தெரிகிறது. ‘யுவர் கைண்ட் ஆஃப் லவர்’ மாதிரி ஒரு பாட்டை குயினின் கிட்டார்காரர் பிரையன் மே அப்படியே விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் தலைப்புப் பாட்டில் முழு ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாரே, அந்த ஆடம்பரமும் யாரும் தடுக்காததால் வந்ததுதான். வயலின்கள் ஒரு பக்கம் சீற, இவர் அதற்கும் மேலே ஏறிப் பாடுகிறார். கொஞ்சம் அதிகம்தான். எனக்குப் பிடித்திருக்கிறது.

1991-இல் மெர்குரி இறந்த பிறகு, மிச்ச மூவரும் இந்த ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகளின் குரலை மட்டும் எடுத்து, புதிதாக வாசித்து, 1995-இல் ‘மேட் இன் ஹெவன்’ ஆல்பத்தில் சேர்த்தார்கள். பத்து வருஷம் தாமதமாக வந்த குறுக்கீடு. ‘மேட் இன் ஹெவன்’ பாட்டுக்கு அது தேவைப்பட்டது. பிரையனின் கிட்டார் விழுந்ததும்தான் பாட்டுக்கு எடை வருகிறது. ‘ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ’ விஷயம் வேறு. துள்ளிக் குதிக்கிற லேசான டிஸ்கோ பாட்டு அது. கனத்த டிரம்ஸை ஏற்றி அதை மூச்சு வாங்க வைத்துவிட்டார்கள். அதற்கு என் ஓட்டு 1985-க்கே.

‘லிவிங் ஆன் மை ஓன்’ கதை இன்னும் விசித்திரம். தனிமையைப் பற்றிய பாட்டு. நடுவில் வார்த்தைகளை விட்டுவிட்டு, ஜாஸ் பாடகர்கள் செய்வதுபோல வெறும் அசைகளை உருட்டி விளையாடுவார். அதற்கு வீடியோ எடுத்ததோ மியூனிக்கில் நடந்த அவருடைய 39-வது பிறந்தநாள் கூத்தில். எல்லோரும் கறுப்பும் வெள்ளையுமாக உடுத்தி ஆடுகிறார்கள். அப்போது எடுபடாத பாட்டு, 1993-இல் புது டான்ஸ் தாளம் கட்டி வந்தபோது பிரிட்டனில் முதலிடம். பாடியவர் போய் இரண்டு வருஷம் ஆகாத நேரம்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 2019 பதிப்பை எடுங்கள். பழைய ஒலிநாடாத் தடங்களிலிருந்து மறுபடி கலந்தது. குரல் முன்னே வந்திருக்கிறது. ‘தேர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தேன் திஸ்’ பாட்டில் பியானோவுக்குப் பக்கத்தில் அவர் குரலைத் தணித்துப் பாடுவதைக் கேட்க அதுதான் வசதி. ‘லிவிங் ஆன் மை ஓன்’ மட்டும் 1993 தாளத்தோடு கேட்பதற்கு முன்னால் இதில் கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)